கால் வைக்கும் நாள்

ராசாங்கத்துக்குச் சிறுநீர் கடைசியில்தான் சிவக்கிறது என்பதை அவர் வாயிலிருந்து வாங்க எனக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

"பீட்ரூட் தின்னேன் சார்" என்றார் முதலில்.

"கடம்பத்துறையில பீட்ரூட்டா?"

"அக்கா கருவாட்டுக்கு மாத்தா வாங்கியாந்துச்சு."

அக்கா பஞ்சவர்ணம் பரிசோதனைக்கூடத்தின் கதவை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார். "பீட்ரூட்டுமில்ல, பீர்க்கங்காயுமில்ல. பொங்கல்லேருந்து இப்புடித்தான் போறான். கேட்டா வெயிலுங்குறான். சார், அது என் சாமான். குடுத்தவ நான் கேக்கக் கூடாதா?"

"ஆரம்பத்துலயே சிவப்பா வருதா, கடைசியிலயா?" என்று கேட்டேன்.

"அதுல என்னா சார் இருக்கு? மொத்தமா போவுது."

"இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

ராசாங்கம் அக்காவைப் பார்த்தார். "நீ செத்த வெளிய போயேன்."

"ஆமாமா, இவன் அரைஞாண் கட்டுன நாளு எனக்குத் தெரியாதாக்கும்" என்றபடி பஞ்சவர்ணம் வராந்தாவுக்குப் போனார். அதன்பிறகுதான் ராசாங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"மொதல்ல நல்லாத்தான் சார் போவுது. முடியப்போற நேரத்துல சுருக்குன்னு குத்தும். அப்புறம் சொட்டுச் சொட்டா செவப்பு."

இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊர் சிறுநீரக நிலையத்தில் பரிசோதனைக்கூடம் பார்க்கிறேன். ரத்தம் கடைசியில் வந்தால் அது சிறுநீர்ப்பையின் அடிச்சுவரிலிருந்து வருகிறது என்று பொருள். இவர்களுக்கு அந்தச் சுவரில் என்ன குடியிருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். வைத்தவர்களே நாங்கள்தான்.

கடம்பத்துறை உப்பளத்து ஊர். வெயில் கூடிக்கொண்டே போன வருஷங்களில், பாத்தியில் நின்று உப்பு வாரியவர்களின் சிறுநீரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிப்போயின. அண்ணனுக்குத் தங்கை, கணவனுக்கு மனைவி, மருமகளுக்கு மாமியார் என்று வீட்டுக்கு வீடு ஒருவர் ஒரு சிறுநீரகத்தை எடுத்துக் கொடுத்தார்கள். ராசாங்கத்துக்குக் கொடுத்தது பஞ்சவர்ணம். கொடுப்பதோடு முடிந்துவிடுவதில்லை. பிறர் உறுப்பை உடம்பு ஏற்காது. அந்த எதிர்ப்பை அடக்கிவைக்க ஆயுள் முழுக்க வேளை தவறாமல் மாத்திரை விழுங்க வேண்டும். மாத்திரை லாரி ஒரு வாரம் வராவிட்டால் இரண்டு பேருக்கு வந்த சிறுநீரகம் போய்விடும். அப்படித்தான் பல வருஷம் நடந்தது.

டாக்டர் ஹாலிதா பொறுப்பேற்ற புதிதில் எல்லாக் குடும்பங்களையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மாத்திரைக்கு மாற்றாக ஒரு புதுச் சிகிச்சையை உருவாக்கிய குழுவில் இருந்தவர் அவர்.

"ஆப்பிரிக்காவுல ஆத்தோரத்து ஜனங்களுக்கு ரொம்பக் காலமா இருக்கிற புழு இது. தண்ணியில நிக்கிறப்போ தோல் வழியா உள்ள போகும். போய், மூத்திரப்பையைச் சுத்தி இருக்கிற ரத்தக்குழாய்ல குடியிருக்கும். வருஷக்கணக்கா இருக்கும். ஒரு முள்ளு குத்தினாக்கூட உடம்புல இருக்கிற காவல்காரங்க ஓடி வர்றாங்க. இவ்வளவு பெரிய புழுவை ஏன் விட்டுடறாங்க?"

"மாமூல் குடுக்குதோ என்னமோ" என்றார் பஞ்சவர்ணம். கூட்டம் சிரித்தது.

"கிட்டத்தட்ட அதேதாம்மா. காவல்காரங்களைத் தூங்க வைக்க ஒண்ணைச் சுரக்குது. அதே காவல்காரங்கதான் நீங்க குடுத்த கிட்னியையும் வெளியாள்னு அடிச்சுத் துரத்தறாங்க. அவங்க தூங்கினா கிட்னி பொழைக்கும். அந்தச் சுரப்பை நாங்க கொஞ்சம் கூட்டி வெச்சிருக்கோம். இனிமே மாத்திரை வேண்டாம். லாரிக்குக் காத்திருக்க வேண்டாம். வருஷம் ஒரு தடவை ஒரு பேசின் தண்ணியில அரைமணி நேரம் கால் வெச்சா போதும்."

"அப்ப அந்த ஆத்தோரத்துச் சனத்துக்கு ஒண்ணும் ஆவலியா?"

"ஆச்சு. ஆனா புழுவால இல்ல, முட்டையால. ஆணும் பெண்ணும் சேர்ந்தாதான் முட்டை. நாங்க ஆண் புழுவை மட்டும்தான் தரப்போறோம்."

அந்த ஒரு வாக்கியத்தில் காரியம் கெட்டது. மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மாள் எழுந்தார். மருமகளுக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுத்தவர். "எம் மருமவ ஒடம்புக்குள்ள ஒரு ஆம்பளப் புழு பத்து வருசம் குடித்தனம் பண்ணுமா? அதுக்கு நான் கிட்னி குடுத்தேனா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. பெண்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். மாதக்கணக்கில் வரவேயில்லை. புழு வந்துவிட்டதென்று மாத்திரையும் நிறுத்தப்பட்ட அந்த இடைவெளியில் இரண்டு பெண்களுக்குச் சிறுநீரகம் போயிற்று.

கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது: ஆண்களுக்கு ஆண் புழு, பெண்களுக்குப் பெண் புழு. துணையில்லாத பெண் புழு வளராது, நூல்போலக் குட்டையாகவே கிடக்கும். ஆனாலும் சுரக்க வேண்டியதைச் சுரக்கும். "தனித்தனியா இருக்கிறவரைக்கும் ரெண்டும் சாது" என்று டாக்டர் ஹாலிதா பெருமூச்சோடு கையெழுத்துப் போட்டார். ஊருக்கு அது பிடித்துப்போனது. கால் வைக்கும் நாளில் காலையில் பெண்கள், பிற்பகலில் ஆண்கள் என்று முறையும் ஏற்பட்டது. "கால் வச்சாச்சா?" என்பது கடம்பத்துறையில் சாப்பிட்டாச்சா என்பதுபோல ஆயிற்று.

ராசாங்கத்தை அன்றைக்கு உச்சிவேளைவரை இருக்கச் சொன்னேன். முட்டை இருந்தால் அந்த நேரத்தில்தான் அதிகமாக இறங்கும். அதற்கு முன் மாடிப்படி ஏறி இறங்க வைப்பது வழக்கம். குலுங்கினால் இன்னும் நன்றாக இறங்கும்.

"கிட்னி வச்ச ஆள இப்புடி ஓட விடுறீங்களே, அது எங்கியாச்சும் கழண்டு விழுந்துட்டா?" என்று கீழிருந்து குரல் கொடுத்தார் பஞ்சவர்ணம். "பாத்து ஓடுடா. என்னுது."

கண்ணாடிச் சில்லில் ஒரு துளியை வைத்து நுண்ணோக்கியில் பார்த்தேன். ரத்த அணுக்களுக்கு நடுவில், நெல் மணிபோல நீண்டு, ஒரு முனையில் சின்ன முள்ளோடு ஒரு முட்டை கிடந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குள் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஹாலிதாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார். நிமிரவேயில்லை.

"வேதமூர்த்தி சார், இது எப்படி சாத்தியம்?" என்றார், கண்ணை எடுக்காமலே.

பிறகு ராசாங்கத்தைப் படுக்கவைத்து ஸ்கேன் பார்த்தார். பையின் உட்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும். திரையில் அது சரளை கொட்டின தரைபோலத் தெரிந்தது. பஞ்சவர்ணத்தின் சிறுநீரகம் அவர் தம்பியின் வலப்பக்க அடிவயிற்றில் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து பைக்கு வரும் குழாய் வாய்ப்பக்கம் இறுகி, மேலே உப்பிக் கிடந்தது.

"என்ன சார் அது, மீன் குடல் மாதிரி வீங்கியிருக்கு?" என்றார் பஞ்சவர்ணம். மீன் அறுத்த கண்ணுக்கு எதுவும் தப்பாது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இருவருக்கும் சேர்த்தே சொன்னார். "முட்டை வெளிய போகணும்னா மூத்திரப்பைச் சுவரைத் துளைச்சுக்கிட்டுத்தான் போகணும். அந்த முள்ளு அதுக்குத்தான். துளைக்கிறப்போ ரத்தம். பாதி முட்டை வெளிய வந்துடும். பாதி சுவருக்குள்ளயே மாட்டிக்கிட்டுச் செத்துப்போகும். ஒவ்வொரு முட்டையையும் சுத்தி உடம்பு ஒரு கட்டி கட்டும். கட்டி காய்ஞ்சு தழும்பாகும். தழும்பு சேரச் சேர பை கல்லு மாதிரி இறுகும், சுருங்கும். குழாயோட வாய் அடைபடும். மூத்திரம் கிட்னிக்கே திரும்பும். அதுக்கும் மேல விட்டா, பல வருஷம் கழிச்சு, பையில புத்துநோய் வரும்."

"புழு கடிக்கிறதில்லியா அப்ப?"

"புழு ஒண்ணும் செய்யறதில்ல. அது அதோட குடும்பத்தை நடத்துது."

"பொண்ணு எங்கேருந்து வந்துச்சாம்?" என்று தம்பியைப் பார்த்தார் பஞ்சவர்ணம். "நீ எங்கடா போன?"

"உப்பளத்தத் தாண்டி நான் எங்க போறேன்" என்றார் ராசாங்கம் எரிச்சலோடு.

அவர் சொன்னது சரி. அதுதான் எங்களுக்கும் விளங்கவில்லை. இந்தப் புழுவின் குஞ்சு நல்ல தண்ணீரில், அதுவும் குறிப்பிட்ட நத்தைக்குள் வளர்ந்து வெளிவருவது. கடம்பத்துறையில் ஒரு குளம்கூடக் கிடையாது. மண்ணைத் தோண்டினால் உப்புத் தண்ணீர். குடிப்பதற்கே டேங்கர் வர வேண்டும். பேசினுக்குக் குஞ்சு தரும் நத்தைகள் எங்கள் நிலையத்தின் பூட்டிய அறைக்குள் தனித்தனி ஜாடிகளில் இருந்தன. நானே போய்ப் பார்த்தேன். ஆண் ஜாடிகளில் ஆண். பெண் ஜாடிகளில் பெண். தவறில்லை.

எல்லாரையும் வரவழைத்துச் சோதித்தோம். ஆண்களில் பாதிக்கு மேல் முட்டை இருந்தது. பெண்களில் ஒருவருக்கும் இல்லை.

"ஏன் ஆம்பளைங்களுக்கு மட்டும்?" என்று டாக்டர் ஹாலிதா மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். அவர் தூங்கி ஒரு வாரம் ஆகியிருக்கும்போல இருந்தது முகம்.

அடுத்த தெருக்காரர்கள் கால் வைக்கும் நாளில் நான் வேலையை விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். காலையில் பெண்கள் வந்தார்கள். பேசினில் கால் வைத்தார்கள். பேசினார்கள், எழுந்து போனார்கள். ஆயா ஜெகதாம்பாள் ஒவ்வொரு பேசினையும் தூக்கிப் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். அந்தத் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொட்ட வேண்டும் என்பது விதி. பின்னாலேயே போனேன். நாலாக மடித்த வெள்ளை வேட்டியில் வடிகட்டி ஒரு பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"ஆம்பளைங்க வருவாங்கள்ல சார், கால் கழுவ."

அந்தக் கழுவல் நாங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். உப்பு பட்டால் குஞ்சுப் புழு செத்துவிடும். ஆகவே பாத்தியிலிருந்து நேராக வரும் ஆண்கள் முழங்கால்வரை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் பேசினில் கால் வைக்க வேண்டும். பெண்கள் வீட்டிலிருந்து வருகிறவர்கள். அவர்களுக்கு அது தேவையில்லை.

"அதுக்குத்தானே தனி டிரம் இருக்கு?"

"இருந்துச்சு. டேங்கர்ல பாதியாக் கொறச்சாங்களே, அப்பலேருந்து இல்ல. ரெண்டு டிரம்மு ஒரு டிரம்மாச்சு. இருக்கறதுல பேசினு ரொப்பவா, ஆம்பளைங்க காலக் கழுவவா?"

"பிளீச்சிங்?"

"அத போட்டுக் கழுவி உட்டா பித்தவெடிப்புல திகுதிகுன்னு எரியுதுன்னு கத்துறாங்க சார். அதுங்க காலப் பாத்திருக்கீங்களா? வாய் பொளந்து கெடக்கும். அதான் அத போடாம வடிகட்டி வச்சுக்கறது." பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கினார். "நல்ல தண்ணி சார். வாசனகூட இல்ல. அத எப்புடிக் கொட்டுறது?"

"இத நீங்க யார்கிட்டயும் சொன்னதில்லையே."

"எப்புடிச் சொல்றது? பொம்பளைங்க கால் வச்ச தண்ணின்னு தெரிஞ்சா ஒருத்தன் கால நீட்டுவானா? ராசாங்கம்லாம் குடத்தோட தூக்கி என் தலையில ஊத்திருவான்."

"ஆண்கள் வெச்ச தண்ணிய?"

"அத கொட்டிருவேன். ஒரே பீடி நாத்தம்."

பேசினில் மிஞ்சிய பெண் குஞ்சுகள் வேட்டியைத் தாண்டி ஆண்களின் காலில் ஏறியிருந்தன. பெண்கள் தப்பித்ததற்குக் காரணம் அந்த பீடி நாற்றம்தான். நிலையத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று டாக்டர் கேட்டு எழுதியதற்கு, இருப்பதை வைத்துச் சமாளிக்கவும் என்று பதில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஜெகதாம்பாள் சமாளித்தார்.

ராசாங்கத்தையும் அக்காவையும் டாக்டர் தன் அறைக்கே கூப்பிட்டு உட்காரவைத்தார். நானும் இருந்தேன்.

"புழுவைக் கொல்ற மாத்திரை இருக்கு. நாலு மாத்திரை, ஒரே வேளை. ரொம்ப நல்ல மாத்திரை."

"அப்ப குடுங்க" என்றார் ராசாங்கம்.

"பெண்ணை மட்டும் கொல்லாது. ரெண்டும் போயிடும்."

ராசாங்கத்துக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. பஞ்சவர்ணத்துக்கு உடனே புரிந்துவிட்டது. "காவக்காரனுவ முழிச்சிக்குவானுவ" என்றார்.

"ஆமாம்மா."

"மறுபடி ஆம்பளப் புழுவ மட்டும் விடுறது?"

"முடியாது. உள்ள செத்த புழு காட்டிக்கொடுத்துடும். காவல்காரங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுபோயிடும். அடுத்த தடவை வாசல்லயே அடிச்சுடுவாங்க."

"பழைய மாத்திரை?"

"கேட்டிருக்கேன். புழு வந்தப்புறம் அதைப் பண்றவங்க குறைஞ்சுட்டாங்க. இருக்கறது பெரிய ஆஸ்பத்திரிகளுக்கே பத்தலை. வரும்னு சொல்றாங்க." அவர் ராசாங்கத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வரலைன்னா, மிஷின்."

நிலையத்தில் ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரங்கள் ஆறு. அவற்றில் மூன்று ஓடும். அங்கே படுத்தவர்கள் எவ்வளவு காலம் இருந்தார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"மாத்திர போடலன்னா?" என்றார் பஞ்சவர்ணம்.

"குழாய்க்குள்ள ஒரு டியூப் வெச்சு நாளைத் தள்ளலாம். ஒரு வருஷம், ரெண்டு வருஷம். பை இறுகிக்கிட்டேதான் போகும்."

"ரெண்டு வருசம் இருக்கட்டும் அப்ப. வா, போவலாம்" என்று எழுந்தார் அக்கா.

"அவ்வளவு சுலபம் இல்லம்மா. ஏரி வருதே."

அந்த ஏரிக்காகக் கடம்பத்துறை இரண்டு தலைமுறையாகக் காத்திருந்தது. ஆற்றுத் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்து நிரப்பும் நன்னீர் ஏரி. வெட்டி முடிந்துவிட்டது. மழைக்கு முன் மதகைத் திறக்கப்போகிறார்கள். தண்ணீரோடு வயல் நத்தையும் வரும். அந்த நத்தை இந்தப் புழுவை ஏற்காது என்று முன்பு நம்பியிருந்தார்கள். ஏற்கும் என்று இப்போது நகரத்து ஆய்வுக்கூடத்தில் தெரிந்துவிட்டது. முட்டையுள்ள ஒரே ஒருவர் ஏரிக்கரையில் ஒதுங்கினால் போதும். அதன்பிறகு ஆண் நாள், பெண் நாள் எதுவும் இருக்காது. குளிக்க இறங்குகிற குழந்தைகள் முதல் எல்லாருக்குள்ளும் இரண்டு புழுவும் போகும். ஆகவே உத்தரவு தெளிவாக இருந்தது: மதகு திறப்பதற்குள் எல்லா ஆண்களுக்கும் மறுசோதனை, முட்டை இருந்தால் கட்டாயம் மாத்திரை, இல்லாதவர் புழுவை வைத்துக்கொள்ளலாம்.

"எந் தம்பி ஏரிப் பக்கமே போவமாட்டான்" என்றார் பஞ்சவர்ணம்.

"எத்தனை பேர்கிட்ட நான் அப்படிச் சத்தியம் வாங்கறது?"

"எங்கிட்ட வாங்கிக்குங்க. மத்தவங்க கத எனக்கெதுக்கு?"

ராசாங்கம் வலப்பக்க அடிவயிற்றில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது அவருடைய பழக்கம். தூங்கும்போதும் அப்படித்தான் தூங்குவார் என்று அக்கா ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

மறுசோதனைக்கு நாள் குறித்தோம். உச்சிவேளையில் இறங்கியதை வீட்டிலேயே கோப்பையில் பிடித்து உடனே அனுப்பும்படி சொன்னோம். எல்லாரையும் நிலையத்தின் படிகளில் ஓடவிட இடமில்லை. அங்கேதான் சறுக்கினோம். ஆண்கள் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பாத்திக்குத் திரும்பிவிட்டார்கள். கோப்பைகளைக் கொண்டுவந்தது பெண்கள்.

முதலில் ராசாங்கத்தின் பெயர் ஒட்டிய கோப்பையை எடுத்தேன். முட்டை இல்லை. ரத்த அணு இல்லை. புரதம் இல்லை. இன்னொரு துளி வைத்துப் பார்த்தேன். தட்டையான செல்கள் கொத்துக் கொத்தாகக் கிடந்தன. அவை பெண்களின் சிறுநீரில் சாதாரணமாக வருபவை. ஆண்களிடம் இவ்வளவு பார்க்க முடியாது. அடுத்த கோப்பையும் அப்படியே. அதற்கடுத்ததும். சிலருடையது மட்டும் உண்மையாக இருந்தது. மற்றவை எல்லாம் தெளிந்து, நல்ல ஆரோக்கியத்தோடு, வரிசையாக நின்றன.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன்.

"தெரியும்" என்றார். "வாசல்ல அவங்க நின்ன விதத்துலயே தெரிஞ்சுது."

"நம்ம கண் முன்னால பிடிக்கச் சொல்லலாம், டாக்டர்."

"சொல்லலாம். போலீஸை வெச்சுக்கூடப் பிடிக்கலாம். பிடிச்சு, மாத்திரையை நானே வாயில போட்டு, அப்புறம் அவங்களை எங்கே படுக்கவைக்க? மூணு மிஷின்லயா?" அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சொல்லாம விட்டா இந்த ஊர்க் குழந்தைங்க. ரெண்டு பக்கமும் நான் வெச்ச புழுதான். சாயங்காலத்துக்குள்ள முடிவை அனுப்பணும். எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க, வேதமூர்த்தி சார்."

வராந்தாவுக்கு வந்தேன். பெண்கள் முடிவுக்காக உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பஞ்சவர்ணம் மட்டும் பார்த்தார்.

"என்ன சார், சுத்தமா இருக்கா?"

"ரொம்பச் சுத்தமா இருக்கு. உங்க வயசுக்கு இவ்வளவு சுத்தமா இருக்கிறது ஆச்சரியம்."

அவர் அசரவில்லை. "ஒத்தக் கிட்னி. அதையாச்சும் நல்லா வச்சுக்க வேணாமா?"

"பஞ்சவர்ணம்மா, எனக்கும் இந்த ஊர்லதான் பேத்தி இருக்கா."

"எனக்குத் தம்பி இருக்கான்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "அந்த மிஷினு ரூமைப் பெருக்கிவிட நான் ரெண்டு வருசம் இங்க வந்திருக்கேன் சார். ஒவ்வொருத்தனும் எப்புடிப் போனான்னு எனக்குத் தெரியும். நீங்க கண்ணாடியில பாக்குறீங்க. நான் நேர்ல பாத்தவ."

அவர் சொன்னதில் பிழையில்லை.

அப்போது ராசாங்கம் வந்தார். பாத்தியிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால்வரை வெள்ளை பூத்திருந்தது. முகத்தில் நான் பல மாதமாகப் பார்க்காத சிரிப்பு.

"முட்ட இல்லியாமே சார்? வாசல்ல பேசிக்கிட்டாங்க. அக்கா வேண்டுனது பலிச்சிருச்சோ?"

நான் பஞ்சவர்ணத்தைப் பார்த்தேன். அவர் சிரிப்பு தானாகவே மெல்லக் குறைந்தது.

"இன்னிக்கும் செவப்பாத்தான போச்சு" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "நான் குடுத்துவுட்ட கோப்பையிலயே செவப்பு தெரிஞ்சுச்சே."

அக்காவைப் பார்த்தார். பஞ்சவர்ணம் வெளியே நின்ற டேங்கர் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா."

"என்னடா?"

"எங்க ஊத்துன?"

"எத?"

"என்னுத எங்க ஊத்துன?"

"மண்ணுல. வேறெங்க ஊத்துவாங்க? கோயில்லயா?"

ராசாங்கம் அங்கேயே படியில் உட்கார்ந்தார். காலில் பூத்த உப்பை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு தடவ அறுத்துக் குடுத்துட்டா" என்றார் என்னைப் பார்த்து. "ஒண்ணும் பேசாம வாங்கிக்கிட்டேன். அப்ப உசுரு ஆச. இப்ப இதையுமா வாங்குறது? நாளக்கி அந்த ஏரித் தண்ணியில இவளும்தான குளிப்பா? இவளுக்கு இருக்கறது ஒண்ணுதான சார்?"

"டேய், நான் குளிச்சா குளிக்கிறேன், இல்லாட்டி உப்புத்தண்ணியில கெடக்கிறேன். ஒனக்கென்னடா?" பஞ்சவர்ணத்தின் குரல் கீச்சென்று உயர்ந்தது. "மிஷின்ல போயி நாறிக் கெடக்கப் போறியா? ஒன்ன யாரு பாக்குறது? நான்தான் பாக்கணும்!"

"நீதான் பாக்கணும்" என்றார் ராசாங்கம். "வேற யாரு இருக்கா?"

அவர் எழுந்து உள்ளே வந்து, மேசைமேலிருந்து ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போனார். வெளியே வந்தபோது முகம் வியர்த்திருந்தது. கோப்பையை என் கையில் கொடுத்தார். சூடாக இருந்தது. அடியில் சிவப்பு தேங்கியிருந்தது.

டாக்டர் ஹாலிதா தானே மாத்திரையைக் கொண்டுவந்தார். கசக்கும் என்றார். ராசாங்கம் நாலையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். டம்ளரை நீட்டியது பஞ்சவர்ணம்தான். எப்போது எழுந்து வந்தாரென்று நான் கவனிக்கவில்லை.

"எத்தன நாள்ல போவும் டாக்டர்?" என்று கேட்டார் ராசாங்கம்.

"புழுவா? நாளைக்கே."

"புழு இல்ல. அக்காவோட கிட்னி."

டாக்டர் அவர் தோளில் கை வைத்தார். "சொல்ல முடியாது. பழைய மாத்திரைக்கு இன்னிக்கே மறுபடி கேக்கறேன். உங்க பேரைச் சொல்லிக் கேக்கறேன்."

"கேளுங்க" என்றார் பஞ்சவர்ணம். "அவன் பேரு சொன்னா எவன் குடுப்பான்? குடுத்தவ பேரச் சொல்லிக் கேளுங்க." தம்பியின் கையைப் பிடித்து எழுப்பினார். இருவரும் படியிறங்கிப் போனார்கள். டேங்கருக்கு அருகே போனதும் ராசாங்கம் ஒருமுறை நின்று, வலப்பக்க அடிவயிற்றில் கை வைத்துக்கொண்டு, பிறகு நடந்தார்.

நான் கண்ணாடிச் சில்லைத் துடைத்து வைத்தேன். வரிசையாக நின்ற சுத்தமான கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வராந்தாவில் ஒருவரும் எழுந்து போகவில்லை. பிறகு, எனக்குப் பெயர் தெரியாத ஒரு இளம்பெண், கதவருகே வந்து நின்று, தன் வீட்டுக்காரருக்குக் காலிக் கோப்பை இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டாள்.